வீரமாமுனிவர் பிறந்த ஊருக்கு அப்பாவைக் கூட்டிட்டுப் போறேன்: அங்கே என்ன பார்க்கணும்?

மிலானோ மாணவன்:

எல்லாருக்கும் வணக்கம். மிலானோவில் முதுகலை ரெண்டாம் வருஷம் படிக்கிறேன். மே மாசக் கடைசியில் அப்பாவும் அம்மாவும் ஊரிலிருந்து வர்றாங்க, ஒரு மாசம் இருப்பாங்க. அப்பா ஓய்வு பெற்ற தமிழாசிரியர். விசா கிடைச்சதும் ரோம், வெனிஸ்னு நான் திட்டம் போட்டுக்கிட்டிருந்தேன். அவர் கேட்டது ஒண்ணே ஒண்ணுதான்: "காஸ்திக்கிளியோன் உனக்கு எவ்வளவு தூரம்டா?" வீரமாமுனிவர் பிறந்த ஊர். தேம்பாவணியை எத்தனையோ வருஷம் வகுப்பில் நடத்தினவர் அவர், அதனால் இதைத் தட்டிக்கழிக்க எனக்கு மனசு வரலை.

வரைபடத்தில் தேடினா காஸ்திலியோனேனு இத்தாலி முழுக்க ஊர் இருக்கு. கடற்கரையில் ஒண்ணு, ஏரிக்கரையில் ஒண்ணு, மலையில் நாலஞ்சு. இதில் எது அவர் ஊர்? ஒரு நாள் போதுமா? மலைச்சரிவு ஊர்னு சொல்றாங்க, அப்பாவுக்கு முழங்கால் வலி உண்டு. ரெண்டு பேரும் சுத்த சைவம். வீரமாமுனிவர் வீடு இருக்கா? போய்ட்டு வந்தவங்க சொன்னா உதவியா இருக்கும்.

பெர்காமோவிலிருந்து:

நீங்க தேட வேண்டியது காஸ்திலியோனே தெல்லே ஸ்திவியேரே. மாந்தோவா மாவட்டம், லொம்பார்தியா. முழுப் பேரையும் போட்டுத் தேடுங்க, இல்லைன்னா தொஸ்கானா கடற்கரைக்குப் போய் நிப்பீங்க.

ஊரில் ரயில் நிலையம் கிடையாது. மிலானோவிலிருந்து வெரோனா போற வண்டியில் ஏறி தெசென்சானோவில் இறங்குங்க. கார்தா ஏரிக்கரை ஊர் அது. அங்கிருந்து தெற்கே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர், பேருந்து இருக்கு. ஞாயிற்றுக்கிழமை போகாதீங்க, பேருந்துக்குக் காத்தே பாதி நாள் போயிடும்.

என் கருத்து: அரை நாள் போதும். மீதி அரை நாளை ஏரிக்குள்ளே நீட்டிக்கிட்டிருக்கிற சீர்மியோனேவுக்கு வச்சுக்கோங்க. கோட்டையும் ரோமானியர் கால இடிபாடும் இருக்கு, அம்மாவுக்குப் பிடிக்கும்.

திருக்காவலூர்க்காரி:

தம்பி, சீர்மியோனே அழகான இடம்தான், மறுக்கலை. ஆனா அப்பாவோட நாளை ரெண்டாப் பிரிக்காதீங்க. காஸ்திலியோனேக்கு ஒரு முழு நாள் கொடுங்க. ஏன்னு சொல்றேன், கொஞ்சம் நீளமா இருக்கும், பொறுத்துக்கோங்க.

நான் கொள்ளிடக்கரை ஏலாக்குறிச்சியில் பிறந்தவள். அடைக்கல மாதா கோயில் மணிச் சத்தத்தில் வளர்ந்தேன். வீரமாமுனிவர் அந்த ஊருக்கு வச்ச பேர்தான் திருக்காவலூர். அவர் பாடின கலம்பகமும் அந்தப் பேரில்தான் இருக்கு, அப்பாவுக்குத் தெரிஞ்சிருக்கும். இத்தாலிக்கு பதாந்தே வேலைக்கு வந்தேன். வீட்டோட தங்கி வயசானவங்களைப் பார்த்துக்கிற வேலை. முதல் ரெண்டு வீடு பிரேஷாவில். மூணாவது வீட்டுக்குத் தெரிஞ்ச ஒருத்தர் அனுப்பினார்: எண்பத்தொன்பது வயசுப் பாட்டி, சக்கர நாற்காலி, காஸ்திலியோனேயில் மேட்டுத் தெருவில் வீடு. சம்பளம் பேசினேன், பையைத் தூக்கிக்கிட்டுப் போயிட்டேன். ஊர்ப் பேர் எனக்கு ஒண்ணும் ஞாபகப்படுத்தலை.

மூணு மாசம் கழிச்சு ஒரு ராத்திரி அக்கா மகள் போனில் பாடம் ஒப்பிச்சா. "வீரமாமுனிவர் இத்தாலி நாட்டில் காஸ்திக்கிளியோன் என்னும் ஊரில் பிறந்தார்." இன்னொரு தரம் சொல்லச் சொன்னேன். காஸ்திக்கிளியோன், காஸ்திக்கிளியோன்னு நானே வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். பக்கத்தில் பாட்டி தூங்கிக்கிட்டிருந்தாங்க. என் ஊரில் வந்து வாழ்ந்தவர் பிறந்த ஊரிலேதான் நான் உட்கார்ந்திருக்கேன்னு புரிஞ்சப்போ எழுந்து சன்னலைத் திறந்து தெருவைப் பார்த்தேன். வேற என்ன செய்யறதுன்னு தெரியலை.

அந்த வீட்டில் நாலு வருஷம் இருந்தேன். நான் சொல்றதெல்லாம் அந்த நாலு வருஷத்தில் பாட்டியோட நாற்காலியைத் தள்ளிக்கிட்டே பார்த்தது, கேட்டது, அப்புறம் தேடிப் படிச்சது.

முதல்ல மலை விஷயம். கொல்லிமலை மாதிரி நினைச்சுப் பயப்படாதீங்க. பனியுகத்தில், இப்போ கார்தா ஏரி கிடக்கிற பள்ளத்தில் ஒரு பெரிய பனியாறு இருந்தது. அது ஆல்ப்ஸ் மலையிலிருந்து உருட்டிக்கிட்டு வந்த கல்லும் மண்ணும் அதோட முனையில் வளைவு வளைவாக் குவிஞ்சது. பனி உருகிப் போச்சு, குவியல் குன்றா நின்னுடுச்சு. ஏரிக்குத் தெற்கே அரைவட்டமா நிக்கிற இந்தக் குன்றுகளில் கடைசி வரிசைச் சரிவில்தான் ஊர் ஏறிப் படிஞ்சிருக்கு. அதைத் தாண்டினா போ ஆற்றுச் சமவெளி, தட்டையான சோளக்காடு. பழைய சுவர்களைக் கிட்டப் போய்ப் பாருங்க, உருண்டைக் கூழாங்கல்லை வரிசையா வச்சுக் கட்டியிருப்பாங்க. பனியாறு தேய்ச்சுக் கொண்டுவந்து போட்ட கல் அது. தெருவிலும் அங்கங்கே அதையே பதிச்சிருக்காங்க. அதுதான் முழங்காலுக்கு எதிரி. ஏறுறப்போ சிரமம் தெரியாது, இறங்குறப்போதான் பாதம் புரளும். அப்பாவுக்குக் கெட்டி அடி வச்ச காலணி வாங்கிக் கொடுங்க, உங்க தோளைப் பிடிச்சுக்கச் சொல்லுங்க. முக்கியமான இடங்கள் கீழேயே இருக்கு. கோட்டை மேடு வரைக்கும் போய்த்தான் ஆகணும்னு இல்லை.

இப்போ நீங்க கேட்ட வீடு. தம்பி, வீட்டைத் தேடி நாளைக் கழிக்காதீங்க. அந்தப் பையன் 1680 நவம்பர் 8இல் பிறந்து, 1698இல் சேசு சபையில் சேர்ந்தவன். அந்தப் பதினெட்டு வருஷத்தில் அவன் கண்ணு முன்னாடி இருந்தது இன்னும் அங்கேயே நிக்குது. அப்பாவுக்கு அதைக் காட்டுங்க.

முதல்ல சான் லுயீஜி பேராலயம். நம்ம ஊரில் ஞானப்பிரகாசியார்னு சொல்வோமே, அவர்தான். அலோசியஸ் கொன்சாகா. இந்த ஊரை ஆண்ட கொன்சாகா குடும்பத்தின் மூத்த வாரிசு, 1568 மார்ச் 9இல் இங்கே கோட்டையில் பிறந்தார். அப்பா ஃபெர்ராந்தே படைத்தலைவர், மகனையும் போர்வீரனா ஆக்கணும்னு அஞ்சு வயசில் பாசறைக்குக் கூட்டிட்டுப் போனார். வீரர்கள் தூங்குற நேரம் பார்த்து இந்தக் குழந்தை பீரங்கியை வெடிச்சதாச் சொல்வாங்க. அப்படி வளர்த்த பிள்ளை 1585இல் எல்லா உரிமையையும் தம்பி ரொதோல்ஃபோவுக்கு எழுதிக் கொடுத்துட்டு ரோமில் சேசு சபையில் சேர்ந்தது. 1591இல் ரோமில் கொள்ளைநோய். நோயாளிகளைத் தூக்கிச் சுமந்து பணிவிடை செஞ்சு, தொற்றிக்கிட்டு, ஜூன் 21இல் இறந்தார். வயசு இருபத்தி மூணு. உடல் ரோமில் இருக்கு, தலை எலும்பு மட்டும் காஸ்திலியோனே பேராலயத்தில் வச்சிருக்காங்க.

வீரமாமுனிவர் பிறந்தது அவர் இறந்து எண்பத்தொன்பது வருஷம் கழிச்சு. 1605இல் லுயீஜிக்கு அருளாளர் பட்டம் கொடுத்தாச்சு, 1608இல் இந்தப் பேராலயத்துக்கு அடித்தளம் போட்டாச்சு. அப்போ நம்ம பையன் வளர்ந்தது எப்படிப்பட்ட ஊரில்னு யோசிச்சுப் பாருங்க. "ஆள வேண்டியவன் எல்லாத்தையும் விட்டுட்டு, யாரோ ஒரு நோயாளியைத் தோளில் தூக்கிக்கிட்டுப் போய்ச் செத்தான்"னு பாட்டிகள் கதை சொல்ற ஊரில். அதே சபையில் சேர்ந்து, கப்பலேறி, 1710இல் கோவாவில் இறங்கி, கொள்ளிடக்கரை வரைக்கும் நடந்து வந்து, நம்ம பாஷையை நம்மளை விடச் சுத்தமா எழுதினதுக்கு வேற நூறு காரணம் இருக்கலாம். ஆனா அந்தப் பேராலயத்தில் உட்கார்ந்தப்போ எனக்குத் தோணினது இதுதான். ஒரு சின்னப் பையன் இங்கே எத்தனை தரம் மண்டி போட்டிருப்பான்!

இன்னொரு சங்கதி, இதை யாரும் அதிகம் சொல்றதில்லை. 1691இல், அவருக்குப் பதினொரு வயசு இருக்கும்போது, வரிக்கொடுமை தாங்காம ஊர் ஜனம் எழுந்து கடைசி இளவரசன் இரண்டாம் ஃபெர்தினாந்தோவை விரட்டுச்சு. பிரபு வம்சம் ஊரைவிட்டு ஓடினதைப் பார்த்த பிள்ளை அது. அதுக்கப்புறம் கோட்டையும் போர்களில் சிதைஞ்சது, இப்போ மேட்டில் மிச்சம்தான் இருக்கு.

ரெண்டாவது, எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம்: கொலேஜ்யோ தெல்லே வேர்ஜினி தி ஜெசு. இயேசுவின் கன்னியர் இல்லம்னு சொல்லலாம். லுயீஜி யாருக்கு அரசை எழுதிக் கொடுத்தாரோ அந்தத் தம்பி ரொதோல்ஃபோவை 1593இல் கொலை பண்ணிட்டாங்க. அவருக்கு மூணு பெண்கள்: சின்த்சியா, ஒலிம்பியா, கிரிதோனியா. கொன்சாகா வீட்டுப் பெண்ணுன்னா எந்த அரண்மனைக்கு மருமகளா அனுப்பலாம்னுதான் கணக்குப் போடுவாங்க. இந்த மூணு பேரும் கல்யாணம் வேண்டாம்னு சொல்லி, 1608இல், பெரியப்பா இறந்த அதே ஜூன் 21ஆம் தேதி, பெண்கள் சேர்ந்து வாழுற இந்த இல்லத்தைத் தொடங்கினாங்க. நாலு சுவருக்குள்ளே அடைஞ்சு கிடக்கிற மடம் இல்லை. இப்போ அங்கே அருங்காட்சியகமும் இருக்கு. திறந்திருக்கிற நேரம் குறைவு, போறதுக்கு முன்னாடி போன் பண்ணிக் கேட்டுக்கோங்க. நான் போனப்போ பாட்டியோட நாற்காலியைத் தூக்க ரெண்டு பேர் தானா வந்து கை கொடுத்தாங்க.

மூணாவது, வீரமாமுனிவரோட நேரா சம்பந்தம் இல்லாதது. ஆனா அந்த ஊருக்குப் போய் இதைப் பார்க்காம வரக்கூடாது.

1859 ஜூன் 24. பக்கத்து ஊர் சொல்ஃபெரினோவில் ஒரே நாள் சண்டை. ஒரு பக்கம் மூன்றாம் நெப்போலியனின் பிரெஞ்சுப் படையும் பியெமோந்தே மன்னர் வித்தோரியோ இமானுவேலேயின் படையும், எதிரே ஆஸ்திரியப் பேரரசர் ஃபிரான்ஸ் யோசெப்பின் படை. ரெண்டு பக்கமும் சேர்த்துக் கிட்டத்தட்ட மூணு லட்சம் பேர். செத்தது, காயம்பட்டது, காணாமப் போனது எல்லாம் சேர்ந்து கிட்டத்தட்ட நாற்பதாயிரம் வந்துடும். மூணு நாளில் சுமார் 9,000 காயம்பட்டவங்களை வண்டி வண்டியாக் காஸ்திலியோனேக்குக் கொண்டுவந்து கொட்டினாங்க. கோயில், வீடு, தெரு எல்லாம் வைக்கோலைப் பரப்பிப் படுக்க வச்சாங்க. மருத்துவர்கள் விரல் விட்டு எண்ணுற அளவுதான்.

அந்த நேரம் ஜெனீவாவிலிருந்து ஒரு வியாபாரி ஊருக்கு வந்திருந்தார். அல்ஜீரியாவில் இருந்த தன் தொழில் விஷயமா மூன்றாம் நெப்போலியனைப் பார்க்க வந்த ஆள். பேர் ஹென்றி துனான், வயசு முப்பத்தொண்ணு. பெரிய கோயிலில் கிடந்தவங்களைப் பார்த்துட்டு வெள்ளைச் சட்டையோட வேலையில் இறங்கினார். வண்டிக்காரனைப் பிரேஷாவுக்கு அனுப்பினார். அவன் வாங்கிட்டு வந்த பட்டியலை அவரே எழுதி வச்சிருக்கார்: சாமந்தி மாதிரி இருக்கிற கமோமில் பூ, எலுமிச்சை, ஆரஞ்சு, சர்க்கரை, சட்டை, கடற்பஞ்சு, கட்டுத்துணி, ஊசி, புகையிலை. நான் முதன்முதலா அதைப் படிச்சப்போ புகையிலைன்ற சொல்லில் நின்னுட்டேன். காலை வெட்டுறப்போ மயக்கமருந்து எல்லாருக்கும் எட்டாது, ஒரு சுருட்டாவது பல்லுக்கு இடையில் வேணும். நோயாளி பக்கத்தில் உட்கார்ந்தவனுக்குத்தான் அது தோணும்.

ஆனா அவருக்கு முன்னாடியே வேலையைத் தொடங்கினது ஊர்ப் பெண்கள். வீட்டு விரிப்பைக் கிழிச்சுக் கட்டுப் போட்டாங்க, வாளியில் தண்ணி சுமந்தாங்க. காயம்பட்டதில் பல பேர் நேத்து வரைக்கும் எதிரி. அவங்களுக்கும் அதே தண்ணி, அதே துணி. "தூத்தி ஃபிரதெல்லி"னு சொன்னாங்க. எல்லாரும் சகோதரர்கள்னு அர்த்தம். துனான் அந்த வார்த்தையை உலகத்துக்குக் கொண்டுபோனார். 1863இல் ஜெனீவாவில் செஞ்சிலுவை இயக்கம் தொடங்கினது, அடுத்த வருஷம் முதல் ஜெனீவா ஒப்பந்தம் வந்தது, 1901இல் முதல் அமைதி நோபல் பரிசில் அவருக்குப் பாதி. அந்தப் பெண்களில் பெரும்பாலானவங்க பேர் யாருக்கும் தெரியாது.

கரிபால்தி தெருவில் செஞ்சிலுவை அருங்காட்சியகம் இருக்கு, போர் நடந்த நூறாவது வருஷம் 1959இல் திறந்தது. அந்தக் காலத்துக் குதிரை ஆம்புலன்ஸ் வண்டி, தூக்குப் படுக்கை, அறுவைக் கருவிப் பெட்டி எல்லாம் வச்சிருக்காங்க. பாட்டி ஒவ்வொரு தடவையும் தூக்குப் படுக்கை முன்னாடி நாற்காலியை நிறுத்தச் சொல்வாங்க. ஒருநாள் என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "நீயும் இந்த வேலைதான் செய்யறே"ன்னாங்க. இன்னிக்கு நான் படிச்சு ஓ.எஸ்.எஸ்.னு சொல்ற பராமரிப்புப் பணியாளர் சான்றிதழ் வாங்கி ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்யறேன்னா, அது அவங்க சொன்ன அந்த ஒரு சொல்லால்தான்.

சாப்பாடு: மாந்தோவாப் பக்கம் பரங்கிக்காய் நாடு. தொர்தெல்லி தி சூக்கா கேளுங்க. பரங்கிக்காய், அமரெத்தி பிஸ்கட், சீஸ், கடுகுச் சாறில் ஊறின பழம் எல்லாம் பிசைஞ்சு மாவில் மடிச்ச கொழுக்கட்டை மாதிரி இருக்கும், வெண்ணெயும் சால்வியா இலையும் ஊத்தித் தருவாங்க. கொஞ்சம் இனிக்கும், நம்ம நாக்குக்கு ஒத்துக்கும். முட்டையும் மாவில் இருக்கும், அதை அப்பாகிட்ட முன்னாடியே சொல்லிடுங்க. இந்தக் குன்றுகளுக்கே உரிய பலகாரம் கப்புன்சேய், பழைய ரொட்டித் தூளில் விரல் நீளத்துக்கு உருட்டினது. அதில் பெரும்பாலும் இறைச்சிச் சாறு சேர்ப்பாங்க, கேட்காம வாங்காதீங்க. ஸ்பிரிசொலோனான்னு பாதாம், சோளமாவு போட்ட கெட்டி கேக் ஒண்ணு, கத்தி வைக்காம கையால் உடைச்சுத் தின்கிறது. அந்தக் காலத்தில் பன்றிக் கொழுப்பில் செஞ்சது, இப்போ வெண்ணெயிலும் செய்றாங்க. "சோலோ பூர்ரோ?"னு, அதாவது வெண்ணெய் மட்டும்தானான்னு, கேட்டு வாங்குங்க.

பழைய வரலாறு வாத்தியார்:

திருக்காவலூர் அம்மா எழுதியதை இரண்டு முறை படித்தேன். ஒன்று மட்டும் சேர்க்கிறேன். அந்தக் குன்றுகளில் 1859 முதல் சண்டை அல்ல. 1796 ஆகஸ்ட் 5இல் இதே காஸ்திலியோனேயில், மூன்றாம் நெப்போலியனின் பெரியப்பாவான முதலாம் நெப்போலியன், இளம் தளபதியாக, ஆஸ்திரியத் தளபதி வூர்ம்சரைத் தோற்கடித்தான். அந்தச் சண்டையில் பேர் வாங்கிய ஓஷெரோவுக்குப் பின்னாளில் காஸ்திலியோனே கோமகன் என்றே பட்டம் கொடுத்தான். ஆல்ப்ஸ் கணவாயிலிருந்து சமவெளிக்கு இறங்குகிறவன் இந்தக் குன்றுகளைப் பிடித்தாக வேண்டும். ஊரின் அழகும் துன்பமும் அந்த ஒரே இடத்தமைப்பிலிருந்து வந்தவை.

மாணவருக்கு: அப்பா தமிழாசிரியர் என்பதால் சொல்கிறேன். நேரம் இருந்தால் தொஸ்கானாவில் மோன்தெபுல்சானோவும் போய் வாருங்கள். மதுரையில் வாழ்ந்த தத்துவ போதகர் தெ நோபிலியின் குடும்பத்து ஊர். ஆனால் அது உண்மையிலேயே செங்குத்தான ஊர். ஆகஸ்ட் கடைசி ஞாயிறு அங்கே எண்பது கிலோ மதுப்பீப்பாயை மேட்டில் உருட்டிக்கொண்டு ஓடும் பந்தயமே நடக்கும், சரிவு எப்படி இருக்கும் என்று அதிலேயே தெரியும். முழங்காலை யோசித்து முடிவெடுங்கள்.

மிலானோ மாணவன்:

அக்கா, நீங்க எழுதினதை அப்படியே அப்பாவுக்கு போனில் வாசிச்சுக் காட்டினேன். ஏலாக்குறிச்சின்னதும் நடுவிலே நிறுத்தச் சொல்லி, "அந்தப் பொண்ணு எந்தத் தெருன்னு கேளு, அங்கே எனக்கு மாணவர்கள் உண்டு"ன்னார். சீர்மியோனேயை விட்டுட்டோம். அம்மா அருங்காட்சியகம் பார்க்கணும்ங்கிறாங்க, அவங்களும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவிலியரா இருந்தவங்க. ஜூன் 24 வாக்கில் அங்கே ஏதோ ஊர்வலம் நடக்கும்னு பார்த்தேன். அதுக்கு அவங்களைக் கூட்டிட்டுப் போகலாமா? நடக்க முடியாதே.

திருக்காவலூர்க்காரி:

தெருவைத் தனியா எழுதறேன் தம்பி, அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்க.

நீங்க சொல்றது ஃபியாக்கொலாத்தா, தீவட்டி ஊர்வலம். ஜூன் மாசம் அந்தத் தேதியை ஒட்டி வர்ற சனிக்கிழமையில் நடத்துவாங்க, இந்த வருஷத் தேதியைப் பார்த்துக்கோங்க. சொல்ஃபெரினோவிலிருந்து சாயங்காலம் கிளம்பி, காயம்பட்டவங்களைச் சுமந்துவந்த பாதையில் காஸ்திலியோனேக்கு நடந்து வருவாங்க. பத்துக் கிலோமீட்டருக்கு மேலே. பல நாட்டுச் செஞ்சிலுவைத் தொண்டர்கள், அவங்கவங்க சீருடையில், ஆயிரக்கணக்கில்.

அப்பா அம்மா நடக்க வேண்டாம். காஸ்திலியோனேயில் உட்கார இடம் பார்த்துப் பிடிச்சுக்கோங்க. இருட்டினப்புறம் முதல்ல ஒரு வெளிச்சக் கோடு தெரியும், அப்புறம் தெருவே நெருப்பா நிறைஞ்சு வரும். என் பாட்டி கடைசி வருஷம் கண்ணு மங்கினப்புறமும் நாற்காலியை வாசலில் போடச் சொல்லி உட்கார்ந்திருந்தாங்க. காலடிச் சத்தம் கேட்டாப் போதும்னாங்க.

அன்னிக்கு அகல்விளக்கு ஒண்ணு கொண்டுவரச் சொல்லுங்க அம்மாவை. நானும் வர்றேன், வேலை முறையை மாத்திக்கிறேன். ராத்திரி பேருந்து இருக்காது, அதனால் தங்குற இடத்தை இப்பவே பதிவு பண்ணிடுங்க. ஊரில் கிடைக்கலைன்னா தெசென்சானோவில் பாருங்க. அறை கீழ்த்தளத்திலேயே வேணும்னு கேளுங்க, பழைய வீடுகளில் மின்தூக்கி இருக்காது.